தபால்தலை சேகரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு நடந்திருக்க வேண்டிய 12 கூட்டங்களில் 9 நடந்தன. ஒன்று மழையால் நின்றது. இரண்டு ஆள் சேராமல் நின்றன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கையிருப்பில் பெருமைப்பட ஒன்றுமில்லை, கவலைப்படவும் ஒன்றுமில்லை.

கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக் கேட்டேன். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆசை வேறு பக்கம் போய்விட்டது, அவ்வளவுதான். நம் துணைத்தலைவர் பள்ளி நாளில், 1975-ல் வந்த பறவைகள் ஸ்டாம்பு வரிசையின் 25 பைசா ஆறுமணிக்குருவிக்காக ‘மாகியார் போஸ்டா’ என்று அச்சிட்ட நாலு ஸ்டாம்பைக் கொடுத்தவர். (அது ஹங்கேரி என்று அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது.) இப்போது ஞாயிறு விடியுமுன்னே பைனாகுலரோடு கண்மாய்க்கரையில் நிற்கிறார். போன ஐப்பசியில் அவர் வீட்டுக் கொல்லைக்கே ஆறுமணிக்குருவி வந்து கத்தியதாம். இதைவிட நல்ல விடுப்புக் கடிதம் இதுவரை எனக்கு வந்ததில்லை. ரயில் ஸ்டாம்புகளாகச் சேர்த்தவர் மாடித்தோட்டத்தில் இருக்கிறார். இன்னொருவர் ஆல்பத்தைப் பேத்தியிடம் கொடுத்தார். அவள் அதைப் பரணில் வைத்துவிட்டு, கொரியப் பாடகர்களின் போட்டோ கார்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி, இரண்டாவது பிரதி இருந்தால் தோழிகளிடம் மாற்றிக்கொள்கிறாளாம். நாம் செய்ததும் அதுதானே?

நான் மட்டும் மாறவில்லை என்று இறுமாந்திருந்தேன். ஆடி மாதக் கூட்டத்தில் பழைய கடித உறைகளைக் காட்டிப் பேசும்போதுதான் உறைத்தது. சின்ன வயதில் பினாங்கிலிருந்து பெரியப்பா கடிதம் எழுதுவார். 1971-ல் தொடங்கி மலேசியாவிலிருந்து பட்டாம்பூச்சி ஸ்டாம்புகள் வந்தன. மூலையைக் கிழித்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, பசை கழன்றதும் பழைய பேப்பரில் காயவைப்பேன். மீதி உறை அடுப்புக்குப் போகும். பினாங்கில் எந்த அஞ்சலகத்தில் போட்டது, என்றைக்குப் போட்டது, நம் ஊருக்கு என்றைக்கு வந்தது எல்லாம் உறைமேல் குத்திய அஞ்சலக முத்திரைகளில்தான் இருந்திருக்கும். அன்றைக்கு அவை எனக்கு ஸ்டாம்பைக் கெடுத்த கறுப்பு மை. இன்றைக்கு ஆல்பத்தைத் திறந்தே வருஷக்கணக்காகிறது. கண்காட்சிகளில் முத்திரை தெளிவாக விழுந்த முழு உறைகளைத் தேடி, முன்பின் தெரியாத குடும்பங்களின் கடித உறைகளைக் காசு கொடுத்து வாங்குகிறேன். பெரியப்பாவின் உறை ஒன்றுகூட இல்லை. பட்டாம்பூச்சிகள் மட்டும் எட்டு இருக்கின்றன, சுத்தமாக, பசையில்லாமல்.

சங்கத்தின் பெயரை ‘பொழுதுபோக்குச் சங்கம்’ என்று மாற்றலாம் என ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. எனக்கு இதில் சம்மதமில்லை. அப்புறம் சீட்டுக்கட்டும் உள்ளே வந்துவிடும். அதற்குப் பதிலாக, ஸ்டாம்பில் தொடங்கி எங்கே போய் நின்றாலும் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசலாம் என்று விதியில் ஒரு வரி சேர்க்கக் கோருகிறேன். அடுத்த மாதம் மாடித்தோட்டக்காரர் பேசுகிறார். கத்திரி நாற்றும் கொண்டுவருகிறார்.

கூட்டம் இனி ஞாயிறு காலையில் இல்லை, மாலை நாலரைக்கு. அந்தக் குருவி சாயங்காலமும் கத்துமாம். அதனால் துணைத்தலைவர் ஐந்தே முக்கால் வரைதான் இருப்பார்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்