தங்கச்சிமடம் பியானோ நிகழ்ச்சிக்குத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நம் பங்கு மன்றத்தில் நான் வாசித்த பியானோ நிகழ்ச்சிக்காக உழைத்தவர்களுக்கு, அன்றைய பரபரப்பில் முறையாக நன்றி கூற இயலாமல் போனதால் இம்மடலை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து பாம்பன் பாலம் கடந்து வந்த பியானோவை, கரையில் வள்ளம் ஏற்றும் அதே பழக்கத்தில் வடம் கட்டி, உருட்டுக்கட்டை வைத்து, ஒரு கீறல்கூட விழாமல் மேடையில் சேர்த்த அண்ணன்மார், கூலி வாங்கவும் மறுத்துவிட்டார்கள்.

ஆனால் உப்புக்காற்றின் ஈரத்தில் மரம் உப்பிச் சுருதி விலகியிருந்தது. நடு ஸ்தாயியில் இரண்டு கட்டைகள் அழுத்தினால் மேலெழவில்லை. சுருதி சேர்க்க வந்த ஐயா முதல் நாள் இரவே கீழ்ப்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு குண்டு பல்பை விடிய விடிய எரியவிட்டு ஈரத்தைப் போக்கினார்; காலையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட கம்பிகளை ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு முறுக்கினார். 1838-39 குளிர்காலத்தில் மயோர்காத் தீவில் தங்கி இசையமைப்பாளர் ஷோபான் எழுதி முடித்த பிரெலூடுகள் எனும் சிறு பியானோ உருப்படிகளை, இன்னொரு தீவில் நான் தடங்கலின்றி வாசிக்க முடிந்தது அவரால்தான். வாசித்து முடியும்வரை ஜெனரேட்டரை நிறுத்தி வைத்த பக்கத்து வீட்டாருக்கும், நாற்காலி தந்த பள்ளிக்கும், தேநீர் தந்த அக்காமாருக்கும் என் நன்றி.

ஷூமன், பார்டோக் ஆகியோரின் சிறு உருப்படிகளுக்குப் பின், டெபுஸ்ஸி 1910இல் வெளியிட்ட முதல் பிரெலூடுத் தொகுப்பிலுள்ள 'மூழ்கிய தேவாலயம்' என்பதை நிறைவாக வைத்திருந்தேன். பிரான்சின் பிரித்தானி கடற்கரையில் வழங்கும், கடல் கொண்ட ஊரின் கதை அது. நீருக்கடியிலிருந்து மணியோசை கேட்பதாக அம்மக்கள் சொல்வார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை இழந்து வந்தவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்க, அதை வாசிக்கலாமா என்று கடைசிவரை தயங்கினேன்.

கூட்டம் கலைந்தபின் பாட்டி ஒருவர் மேடையேறி, தாழ்ந்த ஒலி தரும் மந்தர ஸ்தாயிக் கட்டைகளின் மேல் கையை வைத்து, "எங்க கோயில் மணி இப்புடித்தான் தாயி அடிக்கும். இன்னொருக்கா வாசி" என்றார். எட்டு வயதில் அந்தப் புயலுக்குத் தப்பியவர் அவர். அவருக்காக மட்டும் மறுபடி வாசித்தேன்; மன்றத்தைப் பூட்ட வந்த உபதேசியார் ஐயா, சாவியைக் கையில் பிடித்தபடி, முடியும்வரை வாசலிலேயே நின்று கேட்டார். அந்தப் பொறுமைக்காக அவருக்கும், கேட்டு வாங்கிய பாட்டிக்கும் தனியாக என் நன்றி.

அன்புடன்,
உங்கள் ஊர் மகள்