குழந்தைநல இதழின் செய்தி தமிழிலும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிரிட்டனில் 1926-இல் தொடங்கப்பட்ட ‘ஆர்க்கைவ்ஸ் ஆஃப் டிசீஸ் இன் சைல்டுஹுட்’ என்னும் குழந்தைநல மருத்துவ இதழ் இன்றும் வெளிவருகிறது. இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், தாய்ப்பால் மறந்தபின் மக்காச்சோளக் கூழையே உண்டு வளர்ந்த குழந்தைகளுக்குக் கை கால் வீங்குவதையும் தோல் கருத்து உரிவதையும் 1933-இல் அதில்தான் விரிவாக எழுதினார். பின்னாளில் குவாஷியார்கர் என்று உலகம் அறிந்த ஊட்டச்சத்துக் குறைபாட்டு நோய் அது.

எங்கள் கேரள-தமிழக எல்லைப் பகுதியில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்தவள் நான். தம்பி பிறந்ததும் பால் மறக்கடிக்கப்பட்டு, கஞ்சித் தண்ணீரிலேயே வளர்ந்த ஒரு பேரனை, “நல்லா பூசினாப்ல இருக்கான் பாரும்மா” என்று பாட்டி மகிழ்ச்சியோடு காட்டினார். அவன் புறங்காலில் நான் விரலை அழுத்தி எடுத்தபோது விழுந்த குழி நெடுநேரம் மறையவில்லை; அது சதைப்பிடிப்பு அல்ல, வீக்கம். அவனுடைய தாயிடம் இருந்த ஊட்டச்சத்துக் கையேடோ மலையாளத்தில் இருந்தது. அவருக்குத் தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரியும். இன்று நினைத்தாலும் மனம் பதறுகிறது.

இத்தகைய இதழ்களில் வரும் பயனுள்ள செய்திகளை, குழந்தை மருத்துவர்களைக் கொண்டு எளிய தமிழில் எழுதச் செய்து, வாரம் ஒருமுறையேனும் தாங்கள் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.