'முதுகுவலிக்காரர்கள்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பில், பெருந்தொற்றுக் காலத்தை நினைவுகூர்ந்து தாங்கள் வெளியிட்ட முழுப்பக்கக் கட்டுரையைக் காலையில் பசியாறிவிட்டு விருப்பத்தோடுதான் படிக்கத் தொடங்கினேன். மூன்றாவது பத்தியில், "முதுகுவலி போன்ற அவசரமில்லாத காரணங்களுக்காக வந்தவர்களை மருத்துவமனைகள் திருப்பி அனுப்பியதால்தான் உயிருக்குப் போராடியவர்களுக்குப் படுக்கை கிடைத்தது" என்ற வாக்கியத்தைக் கண்ட பிறகு மேற்கொண்டு படிக்க முடியவில்லை. எழுதியவருக்கு இதுவரை முதுகு வலித்ததில்லை போலும். அவர் அப்படியே நீடூழி வாழ வேண்டுகிறேன்.

நான் பினாங்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல், பெரும்பாலும் எலும்பு முறிவுப் பிரிவில், தாதியாக வேலை செய்து 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஓய்வு பெற்றவள். அந்த ஆண்டு அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன என்பது உண்மைதான். மயக்க மருந்து மருத்துவர்களும் சுவாசக் கருவிகளும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தேவைப்பட்டபோது வேறு வழியும் இருக்கவில்லை. மூட்டு மாற்றுச் சிகிச்சைக்கு நாள் குறித்துக் காத்திருந்த முதியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, "பிறகு சொல்கிறோம்" என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் தண்டுவடம் நசுங்கி வந்த ஒருவரைக்கூட எங்கள் பிரிவு திருப்பி அனுப்பியதில்லை. அனுப்பியிருந்தால், அதைத் தாங்கள் சாதனையாக எழுதியிருக்கக் கூடாது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் சாலைகள் வெறிச்சோடின. மனிதர்கள் விழுவது மட்டும் நிற்கவில்லை. வீட்டில் அடைபட்டவர்கள் ஒழுகும் கூரையைச் சரிசெய்ய ஏறினார்கள், டுரியான் பருவம் வந்ததும் தோட்டக்காரர்கள் வழக்கம்போல் மரம் ஏறினார்கள். அப்படி விழுந்த ஒருவர், மூச்சுத் திணறல் இருந்த ஒரே காரணத்தால், வாசலில் போட்டிருந்த சளி, காய்ச்சல் கூடாரத்திற்கு அனுப்பப்பட்டார். மூச்சுத் திணறல் என்றால் அன்று எல்லாருக்கும் ஒரே பொருள்தானே? அங்கிருந்த மருத்துவ உதவியாளர் ஓர் இளைஞர், நோயாளியின் சட்டையை விலக்கிப் பார்த்துவிட்டு, "நெஞ்சு அசையவில்லை, வயிறு மட்டும்தான் ஏறி இறங்குகிறது" என்று கத்தினார். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டால் விலா எலும்புகளுக்கு இடையே உள்ள தசைகள் செயலிழந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையே உள்ள உதரவிதானம் என்ற தசை ஒன்றை மட்டுமே நம்பி மூச்சு நடக்கும். அவருக்கு நுரையீரலில் எந்தக் கிருமியும் இல்லை. கழுத்து முள்ளெலும்புதான் நகர்ந்திருந்தது.

அவரைப் படுக்கையில் ஒருபுறமாகத் திருப்ப ஐந்து பேர் வேண்டும். தலையைப் பிடிப்பவர்தான் எண்ண வேண்டும். அவர் எண்ணி முடிக்கும்போது உடல் முழுவதும் ஒரே கட்டையாகத் திரும்ப வேண்டும், கழுத்து ஒரு விரற்கடைகூடப் பின்தங்கக் கூடாது. அன்று தலையைப் பிடித்தவள் நான். இரண்டு முகக்கவசங்களுக்குள்ளிருந்து "சத்து, டுவா, தீகா" என்று நான் எண்ணியது காலைப் பிடித்தவருக்குக் கேட்கவில்லை. முகத்தடுப்பில் ஆவி படிந்து என் வாயும் அவருக்குத் தெரியவில்லை. நிறுத்தி, தொண்டை கிழிய மீண்டும் எண்ணினேன். தங்கள் கட்டுரையாளர் எழுதிய 'அவசரமில்லாத காரணம்' இப்படித்தான் இருக்கும்.

அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் நிலைமை இன்னும் கடினம். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்துத்தான் முதுகைத் திறக்க வேண்டும், அந்த நிலையில் சுவாசக் குழாய் நழுவினால் உடனே சரிசெய்வது எளிதல்ல. எலும்பைக் குடையும் கருவி இரத்தத்தையும் எலும்புத் துகளையும் காற்றில் தெறிக்கவிடும். பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருந்தால் நரம்பு காத்திருக்காது என்பதால், நோயாளிக்குத் தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு, முழுக் கவச உடையில், கழிவறைக்குக்கூடப் போகாமல் மணிக்கணக்கில் நின்றார்கள். இவர்களையெல்லாம் அன்று கைதட்டிப் பாராட்டிய நாளிதழ்தான் தங்களுடையது. அந்தப் படங்களில் அறுவைக் கூடத்தைக் கழுவித் துடைத்த துப்புரவுப் பணியாளர்களில் ஒருவர்கூட இல்லை என்று அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். நான்கு வரியாகச் சுருக்கி, என் பெயரையும் தவறாகப் போட்டீர்கள். அதை விடுவோம்.

இனி என் தம்பியைப் பற்றி, அவன் சம்மதத்தோடு எழுதுகிறேன். நான் இருப்பது தீவில், அவன் பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில் உள்ள புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறான், லோரி ஓட்டுநர். 2021 ஜூன் மாதம் நாடே மீண்டும் முழுமையாக முடக்கப்பட்டிருந்தபோது அவனுக்கு இடுப்புவலி முற்றி, இரண்டு கால்களிலும் இறங்கியது. 'கண்டதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்' என்பதை வானொலியிலும் புலனத்திலும் கேட்டுக் கேட்டு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்திருக்கிறான். நான் நேரில் போகவும் வழியில்லை. வீட்டிலிருந்து போக அனுமதிக்கப்பட்டது 10 கிலோமீட்டர். பினாங்குப் பாலமே 13.5 கிலோமீட்டர்! தொலைபேசியில்தான் கேட்டேன்: "கழிவறைக்குப் போய்விட்டுக் கழுவும்போது தண்ணீர் படுவது தெரிகிறதா?"

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றான்.

தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் கொத்தாக இறங்குவதால் அதற்கு லத்தீனில் 'குதிரை வால்' என்றே பெயர், காடா எக்வினா. விலகிய டிஸ்க் அந்தக் கொத்தை நசுக்கினால், சைக்கிள் இருக்கையில் உட்காரும்போது அழுந்தும் இடம் முழுவதும் மரத்துப்போகும், சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதே தெரியாது. 48 மணி நேரத்திற்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, அழுத்தத்தை நீக்க வேண்டும் என்பார்கள். என் தம்பியோ முந்தைய இரவிலிருந்தே சிறுநீர் கழிக்கவில்லை, கழிக்கத் தோன்றவுமில்லை என்றான்.

மருத்துவமனை வாசலில் மைசெஜாத்ரா என்ற தொற்றுத் தடமறியும் கைப்பேசிச் செயலி, உடல் வெப்பம், இருமல் உண்டா, யாரோடு தொடர்பு என்று மூன்று இடங்களில் கேட்டார்கள். சிறுநீர் போகிறதா என்று கேட்டவர் நான்காவதாக வந்த ஓர் இளம் ஒப்பந்த மருத்துவர். குழாய் செருகியதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்ததாம். அன்றிரவே எம்.ஆர்.ஐ., விடிவதற்குள் அறுவைச் சிகிச்சை. தொற்று இல்லை என்ற முடிவு தையல் போட்டு முடித்த பிறகுதான் வந்து சேர்ந்தது. அடுத்த மாதம், 26 ஜூலை 2021 அன்று, ஒப்பந்த மருத்துவர்கள் நாடெங்கும் வேலைநிறுத்தம் செய்தார்கள். என் தம்பியைப் பார்த்த அந்தப் பெண் மருத்துவரும் வெளியே வந்து நின்றிருந்தால் அது நியாயமே. அப்போது தாங்கள் தீட்டிய தலையங்கமோ, நோயாளிகளை மறக்கலாமா என்று அவர்களைக் கேட்டது. யார் யாரை மறந்தார்கள் என்பதைத் தாங்கள் அறியாதவரல்ல.

தம்பி நடக்கிறான். லோரி ஓட்டுவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு முறை தானே குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றுகிறான். வெளியூர்க் கல்யாணம் என்றால் மண்டபத்தில் சுத்தமான கழிவறை இருக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டுத்தான் புறப்படுகிறான். முதல் நாளே போயிருந்தால் இது தேவைப்பட்டிருக்காது என்று உறுதியாகச் சொல்ல நான் மருத்துவர் அல்லள். ஆனால் அவனை வீட்டில் கிடத்தியது நோய்த்தொற்று அல்ல, 'முதுகுவலியெல்லாம் ஒரு அவசரமா' என்ற அதே வாக்கியம். அதைத்தான் இத்தனை ஆண்டுகள் கழித்துத் தாங்கள் மீண்டும் அச்சிட்டிருக்கிறீர்கள். அன்றைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நூர் ஹிஷாம் அப்துல்லா நாள்தோறும் வாசித்த தொற்று எண்ணிக்கையில், வீட்டிலேயே கால் மரத்துப்போனவர்களுக்குத் தனி வரிசை இருக்கவில்லை.

அந்தக் கட்டுரைக்கு நேர் கீழே, விலகிய டிஸ்க்கை ஏழே நாளில் உள்ளே தள்ளும் மூலிகை எண்ணெய்க்கு அரைப்பக்க விளம்பரம். என் தம்பி தேய்த்ததும் அதே வகைதான். பக்கத்தை அமைத்தவரின் நகைச்சுவை உணர்வைப் பாராட்டுகிறேன்.

தங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. அந்த வாக்கியத்திற்குத் திருத்தம் போடுங்கள். கூடவே, மருத்துவப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம்: முதுகுவலியோடு இரண்டு கால்களும் வலுவிழந்தால், சிறுநீர் கழிக்க முடியாமலோ அடக்க முடியாமலோ போனால், கழுவும் இடம் மரத்துப்போனால், விழுந்த பிறகு கழுத்து வலித்தால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக முதுகு வலித்தால், அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும். ஆறேழு வரிதான். இடமில்லை என்றால் அந்த எண்ணெய் விளம்பரத்திலிருந்து இரண்டு அங்குலம் கடன் வாங்கிக்கொள்ளுங்கள். இம்முறை சுருக்காமல் போட்டால் போதும். என் பெயர் வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.