நிறுவனத்தின் வயதைக் கேட்கச் சொன்னவர்களுக்கு

மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹால்டிவாங்கர் அவர்களுக்கும், அமெரிக்க சென்சஸ் அலுவலகத்தில் அவரோடு உழைத்த அனைவருக்கும் வணக்கம்.

ஸ்டீவன் டேவிஸ், ஸ்காட் ஷூ ஆகியோருடன் நீங்கள் 1996-ல் வெளியிட்ட நூல், வேலைவாய்ப்பின் நிகர எண்ணை இரண்டாகப் பிரித்துக் காட்டியது. 1973 முதல் 1988 வரை அமெரிக்க ஆலைகளில் ஆண்டுக்குச் சுமார் 9 சதவீத வேலைகள் உருவாகின. சுமார் 10 சதவீதம் ஒழிந்தன. நிகரக் கணக்கில் அந்த ஒரு சதவீதச் சரிவுதான் தெரியும்.

அதற்காக நீங்கள் கையாண்ட வளர்ச்சி விகிதம் இன்றும் எங்கள் அன்றாடக் கருவி. ஆள் எண்ணிக்கை மாற்றத்தை இரண்டு ஆண்டுகளின் சராசரியால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 50 பேர் 100 ஆனால் +0.67; 100 பேர் 50 ஆனால் −0.67. புதிதாகப் பிறந்த நிறுவனம் +2, மூடியது −2. சாதாரணச் சதவீதத்தில் பிறப்புக்கு விடையே கிடையாது, பூஜ்யத்தால் வகுக்க முடியாதே!

சிறு நிறுவனங்களே வேலை தருகின்றன என்ற முழக்கத்தில் இருந்த ஓட்டையை எடுத்துக்காட்டியதற்குத் தனி நன்றி. சிறிய நிறுவனத்துக்கான வரம்பு 500 பேர் என்று வையுங்கள். ஒரு நிறுவனம் 480-லிருந்து 520-க்கு ஏறி, மறுவருடம் 480-க்கே திரும்புகிறது. தொடக்க ஆண்டின் அளவை வைத்து வகைப்படுத்தினால் ஏறிய 40 ‘சிறிய’ கணக்கில் வரவு, இறங்கிய 40 ‘பெரிய’ கணக்கில் செலவு. உண்மையில் ஒரு வேலைகூடக் கூடவில்லை. ரான் ஜார்மின், ஹாவியர் மிராண்டாவுடன் 2013-ல் எழுதிய கட்டுரையில் நிறுவன வயதையும் சேர்த்துப் பார்த்தபோது, சிறியவையே வேகமாக வளர்கின்றன என்ற தொடர்பு மறைந்தது. வேலை தருபவை இளம் நிறுவனங்கள். வேகமாக மூடுபவையும் அவையே.

இதெல்லாம் ஒவ்வொரு நிறுவனத்தையும் ஆண்டுதோறும் பின்தொடரும், 1976 முதலான சென்சஸ் பதிவேடு இல்லாமல் நடந்திருக்காது. கடை கைமாறினால் அடையாள எண் மாறும். பழையது செத்ததாகவும் புதியது பிறந்ததாகவும் பதிவாகும். பெயரையும் முகவரியையும் ஒப்பிட்டு அந்தப் பொய்ப் பிறப்புகளைக் களைந்த ஊழியர்களே, உங்கள் பெயர் அட்டவணைகளில் இல்லை. அந்த உழைப்பு இல்லையென்றால் வயது என்ற நெடுவரிசையே பிழையாகியிருக்கும்.

மார்ச் 12 அடங்கிய சம்பளக் காலத்தின் ஆள் எண்ணிக்கையை ஆண்டுதோறும் எழுதித் தரும் நிறுவனக் கணக்கர்களுக்கும் எங்கள் நன்றி.

அன்புடன்,
இந்தத் தரவுகளைக் கொண்டு ஆய்வு செய்வோர்