கார்ன்வாலுக்கும் தங்கவயலுக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கார்ன்வாலில் என் பக்கத்து வீட்டுப் பாட்டி தேடிய அவருடைய தாத்தாவின் கல்லறை தங்கவயலில் கிடைத்துவிட்டது. கல்லில் பெயரும் வருடமும் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன. உதவியவர்களிடம் போனில் நன்றி சொன்னேன், ஆனால் அது போதாது என்று தோன்றுகிறது. கார்ன்வால் நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் தனியாக எழுதிவிட்டேன். இது தங்கவயல் உறவுகளுக்கும், இந்த இரண்டு ஊர்களின் பழைய தொடர்பை அறியாத நம்மவர்களுக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டில் தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். பிரிட்டனின் தென்மேற்கு முனையில், கார்ன்வாலின் குவெனாப் பகுதியில், அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறது. ஒரு காலத்தில் உலகத்திலேயே செல்வம் கொழிக்கும் சதுர மைல் என்று சொல்லப்பட்ட செம்புச் சுரங்கப் பகுதி இது. 1860களில் செம்பு விலை விழுந்தது. சுரங்கங்கள் வரிசையாக மூடின. ஆண்கள் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, மிச்சிகன், தென்னாப்பிரிக்கா என்று கப்பலேறினார்கள். சிலர் நம் கோலார் தங்கவயலுக்கும் வந்தார்கள்.

கோலார் சுரங்கங்களை 1880களிலிருந்து நடத்தியது லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம். கார்ன்வால் சுரங்கங்களில் பழகிய ஆட்களை அது கூட்டிவந்தது. கார்ன்வாலில் சுரங்க மேற்பார்வையாளரை கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள், அந்தப் பழக்கமும் கூடவே வந்தது. அவர்களுக்குக் கீழே இருட்டில் இறங்கிப் பாறையைத் துளைத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். என் தாத்தா அங்கிருந்த சுரங்கங்களில் ஒன்றான சாம்பியன் ரீஃபில் வேலை செய்தவர். நான் பிறந்து வளர்ந்தது அங்கே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய ஒரு லைன் வீட்டில். இது தெரிந்த நாளிலிருந்து பாட்டி என்னை விடவில்லை. அவருடைய தாத்தா கோலாருக்குப் போனவர், திரும்பவே இல்லை. குடும்பத்தில் எஞ்சியிருந்தது அந்த ஒரு வரிதான்.

தேடல் சுலபமாக இல்லை. இந்தப் பகுதியில் ஒரே பெயர், ஒரே குடும்பப் பெயர் உள்ளவர்கள் ஏராளம். பலர் இங்கிலாந்து திருச்சபையிலிருந்து பிரிந்த மெதடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர்கள் என்பதால் அவர்களுடைய ஞானஸ்நானம் பெரும்பாலும் ஊர்த் தேவாலயத்தின் பதிவேட்டில் இருக்காது, மெதடிஸ்ட் வட்டாரப் பதிவேட்டில் இருக்கும். ரெட்ரூத்தில் பழைய பீர் ஆலைக் கட்டடத்தில் 2019-இல் திறந்த கிரெசன் கெர்னோ ஆவணக் காப்பகத்தில் அந்த ஏடுகளை எடுத்துக் கொடுத்தார்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த ஊழியர்களுக்கு முதல் நன்றி.

அடுத்த நன்றி, கார்ன்வால் ஆன்லைன் பேரிஷ் கிளார்க் தன்னார்வலர்களுக்கு. ஊர் ஊராகப் பொறுப்பு எடுத்துக்கொண்டு, திருமணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று பழைய பதிவுகளைத் தட்டச்சு செய்து இலவசமாகத் தருகிறார்கள். கிறுக்கலான பழைய கையெழுத்தை வாசித்து வாசித்து யாருக்காகவோ செய்யும் வேலை இது. தாயின் பிறந்த வீட்டுப் பெயரைப் பிள்ளைக்கு நடுப்பெயராக வைப்பது இங்கே பழைய வழக்கம். ஒரே பெயர்க்காரர்கள் மூன்று பேரில் எங்களுடையவர் யார் என்று பிரித்துக் காட்டியது அந்த நடுப்பெயர்தான், அதைக் கவனித்துச் சொன்னவரும் ஒரு தன்னார்வலர்தான்.

இந்தத் தேடலில் என் மனதை அதிகம் தொட்டது 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதற்கு முன் நமக்குக் கிடைப்பவை கணக்கெடுப்பாளர் பிரதி எடுத்த ஏடுகள். இங்கிலாந்து முழுவதற்கும், குடும்பத்தார் கைப்பட நிரப்பிய படிவங்களையே முதன்முதலில் பாதுகாத்தது 1911-க்குத்தான். கல்யாணமாகி எத்தனை வருடம், எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். கணவர் கோலாரில் இருக்க, பாட்டியின் பாட்டி அந்தப் படிவத்தைத் தானே எழுதியிருக்கிறார். இறந்த குழந்தைகளின் கட்டத்திலும் ஒரு எண் இருந்தது. பாட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இது அவர் கையெழுத்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடல் தாண்டிப் போன ஆண்களைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள். தபாலில் வரும் பணத்தை எதிர்பார்த்து, பிள்ளைகளையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு இங்கேயே இருந்த பெண்கள்தான் இந்தக் கிராமங்களை நிறுத்தி வைத்தவர்கள் என்று நான் நம்புகிறேன்.

அதை எனக்குப் புரியவைத்தவர்கள் எங்கள் ஊர் சேப்பலில், அதாவது மெதடிஸ்ட் ஜெப வீட்டில், கூடும் பெண்கள். டீயும் குங்குமப்பூ பன்னும் வைத்துக்கொண்டு, எந்த வீட்டில் யார் இருந்தார், யாருக்கு எந்த நாட்டிலிருந்து கடிதம் வரும் என்று தங்கள் அம்மாக்கள் சொன்னதைச் சொன்னார்கள். எந்த ஏட்டிலும் இல்லாத செய்திகள் அவை. பழைய புகைப்படங்களைப் பெட்டியோடு தூக்கி வந்த அக்காவுக்கும், வயல் ஓரத்தில் இடிந்து கிடந்த வீட்டின் அடித்தளத்தை மழையில் நடந்து வந்து காட்டிய விவசாயிக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 1920-இல் செயின்ட் ஐவ்ஸில் தொடங்கிய, ஊர் மரபுகளைச் சேகரிக்கும் ஓல்டு கார்ன்வால் சங்கங்களின் குறிக்கோள், மீதியான துணிக்கைகளைச் சேர்த்து வையுங்கள் என்ற வேத வசனத்தைத் தழுவியது. இவர்கள் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

சரி, இப்போது தங்கவயல். லண்டனில் இருக்கும் தோழி ஒருத்தி பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போய், சென்னை மாகாணப் பிரிவின்கீழ் தேவாலயங்களிலிருந்து அனுப்பப்பட்ட பதிவுகளின் நகல்களில் அடக்கக் குறிப்பைக் கண்டுபிடித்தாள். அதை வைத்து மாரிக்குப்பத்தில் இருக்கும் என் மாமா பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். முள்ளை வெட்டி, கல்லைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, எழுத்து தெரியும் வெளிச்சம் வரும்வரை காத்திருந்து படம் எடுத்து அனுப்பினார். மாமாவோடு போய் அரிவாள் பிடித்த பையன்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. தம்பிகளா, உங்கள் படம் இப்போது பாட்டியின் அடுப்பங்கரை அலமாரியில் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் உங்களைத்தான் முதலில் காட்டுகிறார்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. கேப்டனான பாட்டியின் தாத்தாவுக்குக் கல் வைத்தார்கள். அதே ஷாஃப்டில், அதாவது சுரங்கக் குழியில், பாறை வெடித்தும், நுரையீரலில் தூசி படிந்தும் இறந்த நம் ஆட்களில் எத்தனை பேருக்குப் பெயர் பொறித்த கல் இருக்கிறது? சேப்பலில் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பாட்டிதான், "உன் தாத்தாவைப் பற்றியும் எழுது, எங்கள் ஊர் நினைவு ஏட்டில் சேர்ப்போம்" என்றார். எழுதிக் கொடுத்தேன், சேர்த்துவிட்டார்கள். அதற்காக அந்த ஊருக்கு நான் சொல்லும் நன்றி வேறு வகை.

2001-இல் சுரங்கம் மூடியபோது வீட்டில் எடுத்து வைத்த டோக்கன், சம்பளச் சீட்டு, லைன் வீட்டுப் படம் ஏதாவது உங்களிடம் இருந்தால், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்து, யாருடையது, எந்த ஷாஃப்ட் என்று பின்னால் எழுதி மாமாவிடம் கொடுங்கள். அவர் ஒரு நோட்டுப் போட்டு எழுதத் தொடங்கியிருக்கிறார்.

நன்றியுடன்,
சாம்பியன் ரீஃபில் பிறந்து, குவெனாப்பில் வாழும் உங்கள் சகோதரி