பாய்லர் எங்கே நிற்கிறது என்று கேள்

பாம்பன்,
மார்கழி.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வட அயர்லாந்துக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லர் நின்றுபோய், தங்கையும் பேரப்பிள்ளைகளும் கம்பளிக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள் என்று படித்ததும் மனம் கேட்கவில்லை. உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன். இங்கே வாடைக்காற்று ஓயாததால் விசைப்படகுகள் கரையிலேயே கிடக்கின்றன. பட்டறையிலும் வேலை குறைவு.

முதலில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். நின்ற பாய்லரை மறுபடி கிளப்பும், சிவப்பு விளக்கு எரியும் அந்த ரீசெட் பொத்தானை இனி அழுத்தாதே. ஒரு முறை அழுத்திப் பார்ப்பதில் தவறில்லை. மிஞ்சினால் இரண்டு முறை. அதற்கு மேல் அழுத்த அழுத்த, எரியாமல் விழும் எண்ணெய் பாய்லரின் உள்ளறையில் தேங்கிக்கொண்டே போகும். பிறகு எப்போதாவது பொறி பட்டால் தேங்கியது முழுவதும் ஒரே நேரத்தில் பற்றும். நான் கப்பலில் இருந்த காலத்தில், அவசரக்காரர் ஒருவர் இப்படி அழுத்திக்கொண்டே இருந்ததில், துணை பாய்லரின் முகப்பிலிருந்து தீயும் கரும்புகையும் எஞ்சின் அறைக்குள் பாய்ந்து, பக்கத்தில் நின்றவரின் புருவம் கருகியதை நேரில் பார்த்திருக்கிறேன். உன் வீட்டிலிருப்பதும் அதே முறையில் எரிவதுதான், அளவுதான் சிறியது.

அது கிளம்புவதற்கு ஒரு வரிசை உண்டு. டைமரும் தெர்மோஸ்டாட்டும் சூடு கேட்டதும், மோட்டார் சுழன்று விசிறியையும் எண்ணெய் பம்பையும் சேர்த்து ஓட்டும்; ஏறத்தாழ 10 அல்லது 12 விநாடிகள் வெறும் காற்று உள்ளே சென்று பழைய ஆவியை வெளியே தள்ளும்; அதற்குள் எலக்ட்ரோடு முனைகளுக்கிடையே பொறி பறக்கத் தொடங்கும்; பிறகு மின்சாரத்தால் இயங்கும் சொலினாய்டு வால்வு 'டக்' என்று திறந்து, 7 முதல் 10 பார் வரையிலான அழுத்தத்தில் மண்ணெண்ணெயை நாசில் என்னும் நுண்துளை வழியாக மெல்லிய தூவலாகப் பீய்ச்சும். தீ பற்றியதை போட்டோசெல் என்னும் சிறு கண் பார்த்துக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். சில விநாடிகளுக்குள் அது வெளிச்சத்தைக் காணவில்லை என்றால், பெட்டி எல்லாவற்றையும் நிறுத்திச் சிவப்பு விளக்கைப் போட்டுவிடும். ஆகவே எந்த இடத்தில் நிற்கிறது என்று காதால் கேட்டாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

மோட்டார் அசையவே இல்லை என்றால் ஃபியூஸையும், அளவுக்கு மீறிச் சூடானால் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்க வேண்டும். தீ பற்றிச் சில விநாடிகளில் அணைந்தால் எனக்கு முதல் சந்தேகம் போட்டோசெல் மீதுதான். அந்தக் கண்ணில் கரி படிந்திருந்தால், எரியும் தீயே அதற்குத் தெரியாது. மெல்லிய துணியால் துடைத்தாலே பல நேரம் சரியாகிவிடும்.

ஆனால் உன் கதை வேறு. மோட்டார் ஓடுகிறது, தீ வரவில்லை என்கிறாய். விலை இறங்கட்டும் என்று காத்திருந்ததில் டாங்கி வற்றிப்போனதாகவும், லாரி வந்து நிரப்பிய பிறகும் கிளம்பவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அப்படியானால் குழாயில் ஏர் பிடித்திருக்கிறது, அதாவது காற்று சிக்கி எண்ணெயை மறிக்கிறது என்றே நினைக்கிறேன். டீசல் தீர்ந்து கடலில் நின்ற படகைக் கயிறு கட்டி இழுத்து வந்த பிறகு நாங்கள் செய்வதை நீயே பார்த்திருக்கிறாய். ஃபில்டர் தலையிலுள்ள போல்ட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தால், முதலில் நுரை நுரையாகக் கொப்பளிக்கும். குமிழி ஒன்றுகூட இல்லாமல் டீசல் தெளிவாக வழியும்போதுதான் போல்ட்டை இறுக்குவோம். உன் பாய்லர் பம்பிலும் அதற்கென ஒரு திருகு உண்டு. டாங்கியிலிருந்து ஒரே குழாய் வருமானால், அந்தத் திருகைத் தளர்த்தி ஏர் எடுக்காமல் அது தானாகச் சரியாகாது. திரும்பிப் போகும் குழாயும் இருந்தால் பெரும்பாலும் தானே வெளியேற்றிக்கொள்ளும்.

இன்னொன்றும் நடந்திருக்கலாம். வற்றிய டாங்கியில் வேகமாக எண்ணெய் இறங்கும்போது அடிக்கசடும் தண்ணீரும் கலங்கி ஃபில்டரை அடைத்திருக்கும்; உங்கள் ஊர்க் குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்துவிட்டால் எண்ணெய் சொட்டுக்கூட வராது. டாங்கி வாயிலிலுள்ள வால்வு திறந்திருக்கிறதா என்று நீயே பார்க்கலாம். பாய்லருக்குள் மிகுந்த சூடு ஏறினால் எண்ணெயை நிறுத்தும் ஃபயர் வால்வு மூடிக்கொண்டிருக்கிறதா என்பதை மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்.

அதற்கு மேல் நீ கை வைக்க வேண்டாம். மின்சாரத்தை அணைத்துவிட்டு, எண்ணெய் பாய்லர் மெக்கானிக்குகளைப் பதிவு செய்யும் ஆஃப்டெக் அமைப்பின் பதிவுள்ள ஆளை அழைத்து, பொத்தானை எத்தனை முறை அழுத்தினாய் என்று மறைக்காமல் சொல்; உள்ளறையில் தேங்கிய எண்ணெயை முதலில் துடைத்தெடுத்த பிறகுதான் அவர் மீண்டும் பற்றவைக்க வேண்டும். ஏர் எடுத்துப் பார்க்காமலேயே பம்பை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், சம்மதிக்காதே. அதுவரை குளிர் தாங்கவில்லை என்று மூடிய அறைக்குள் கரியடுப்பு வைத்துவிடாதீர்கள். அந்தப் புகையின் நஞ்சுக்கு நிறமோ மணமோ கிடையாது.

ஏர் எடுத்த பிறகும் பற்றவில்லை என்றால், மோட்டார் ஓடத் தொடங்கியதிலிருந்து சிவப்பு விளக்கு வரும்வரை கேட்கும் ஒலியைக் கைப்பேசியில் பதிந்து அனுப்பு. சொலினாய்டு திறக்கும் 'டக்' சத்தம் அதில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கேட்டு, அடுத்து எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய தோழன்