செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவெடுத்தபடி, இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களைப் பாலூட்டிகளின் வரலாற்றுக்கே ஒதுக்கினோம். கார்த்திகைக் கூட்டம் மட்டும் மழையால் நடக்கவில்லை.

டைனோசர்கள் அழிந்த பிறகே பாலூட்டிகள் தோன்றின என்று நம்மில் பலர் நினைத்திருந்தோம். அது தவறு. 15 கோடி ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் சேர்ந்தே வாழ்ந்தன. பாலூட்டிகள் பெரும்பாலும் எலி, மூஞ்சூறு அளவில் இருந்தன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவில் விண்கல் விழுந்து டைனோசர்கள் மறைந்த பிறகுதான் அவற்றுக்கு இடம் கிடைத்தது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வௌவால்கள் பறக்கத் தொடங்கிவிட்டன.

மாசியில் திருவக்கரை போய் வந்தோம். "இங்கே மிருக எலும்பு இல்லையா?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். அங்கே கிடப்பவை சுமார் 2 கோடி ஆண்டுப் பழமையான கல்மரங்கள். ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் வட அமெரிக்காவில் புல்வெளி பரவியது. புல்லில் உள்ள சிலிக்கா பல்லைத் தேய்க்கும் என்பதால், உயரமான பல் கொண்ட குதிரைகள் அங்கே பெருகின.

என் மனத்தில் நிற்பது திமிங்கலக் கூட்டம். வீராம்பட்டினத்து அண்ணன் ஒருவர் எழுந்து, "மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், ஓங்கில் மேலும் கீழும் ஆட்டும், ஏன்?" என்றார். ஓங்கில் என்பது டால்பின், அதுவும் திமிங்கல இனம்தான். திமிங்கலங்களின் மூதாதைகள் தரையில் வாழ்ந்த நாலுகால் விலங்குகள்; பாய்ச்சலில் மேலும் கீழும் வளைந்த அவற்றின் முதுகெலும்பு கடலுக்குள் போயும் அப்படியே வளைகிறது என்பதே விடை. திமிங்கலம் தரையிலிருந்து வந்தது என்பதற்குச் சான்றும் நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. ஜம்மு–காஷ்மீரின் காலாகோட்டில் புவியியலாளர் ரங்கா ராவ் சேகரித்த பாறைகளை, அவர் மறைவுக்குப் பின் அவருடைய மனைவி பத்திரமாக வைத்திருந்தார். அவை ஆய்வாளர் ஹான்ஸ் தெவிசனுக்குக் கிடைத்தன. ஒரு மண்டையோடு தவறி உடைந்தபோது, உள்ளே திமிங்கலத்துக்கே உரிய தடித்த காதெலும்பு தெரிந்தது! சுமார் 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, குளம்புள்ள, பூனை அளவு இந்தோஹியஸ் அது. திமிங்கலத்தின் நெருங்கிய உறவு என்று 2007இல் அறிவித்தார்கள். அந்தப் பாறைகளைக் குப்பை என்று ஒதுக்காத அம்மையாருக்கு அன்று எல்லோரும் கைதட்டினோம்.

அப்புறம், வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டின் முதல் கூட்டத்தை ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு ஒதுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. கடலில் புல் மேயும் அது யானைக்கு உறவு. வீராம்பட்டினத்து அண்ணன் அதைப் பற்றித் திமிங்கலக் கூட்டத்தன்றே கேட்டுவிட்டார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்,
புதுச்சேரி